செல்போனில் வரும் வாடகை வண்டி: கடைக்காரர் படிக்க வேண்டிய கணக்கு



சென்ற மாதம் நமது சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக் கொண்டிருந்தபோது, புறநகரில் மளிகைக் கடை நடத்தும் இளம் உறுப்பினர் ஒருவர் என்னிடம் வந்து, "அண்ணாச்சி, பத்து நிமிடத்தில் அரிசி பருப்பு வீட்டுக்கே வரும் என்று எங்கள் தெருவுக்கும் ஆள் வந்துவிட்டான். சில சரக்கை நான் உங்களிடம் வாங்கும் விலைக்கும் கீழே விற்கிறான். இது எத்தனை நாளைக்குக் கட்டும்?" என்று கேட்டார். நான் உடனே பதில் சொல்லவில்லை. ஏனென்றால் ஏறக்குறைய இதே கேள்வியைப் பத்து ஆண்டுகளுக்கு முன் இன்னொருவர் கேட்டு, நான் அவசரப்பட்டுத் தவறான பதில் சொல்லியிருக்கிறேன்.

அவர் கொத்தவால்சாவடியில் எங்கள் கடை வாசலில் நிற்கும் ஆட்டோ ஓட்டுநர். வெளியூர், புறநகர்க் கடைக்காரர்கள் எடுக்கும் சில்லறைச் சரக்கையும் அவர்களையும் ஏற்றிக்கொண்டு பஸ் நிலையத்திலோ ரயிலடியிலோ விடுவார். இருபது வருடப் பழக்கம். 2016ல் ஒரு நாள், "ஏ.சி. காரை கிலோமீட்டர் ஆறு ரூபாய்க்கு ஓட்டுகிறானே, எப்படிக் கட்டும் அண்ணாச்சி?" என்றார். "கட்டாது தம்பி. ஆறு மாதத்தில் கடையைக் கட்டிவிடுவான். நீ பேசாமல் ஆட்டோவை ஓட்டு" என்றேன். கட்டாது என்று நான் சொன்னது சரி. ஆறு மாதத்தில் மூடுவான் என்றதுதான் தவறு. அந்தத் தவறு எங்கிருந்து வந்தது என்பதை விளக்கவே இந்தக் கட்டுரை. வண்டிக்காரர்களுக்கு நேர்ந்ததைப் புரிந்து கொண்டால், நமக்கு நேர்ந்து கொண்டிருப்பது என்னவென்று தானே விளங்கும்.

பழைய ஏற்பாடு

நகரத்தில் ஆட்கள் போய்வர இருந்த வழிகள் இரண்டு. ஒன்று, பஸ்சும் ரயிலும். சென்னையில் 1972ல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் ஏற்பட்டது. இன்றைய மாநகர் போக்குவரத்துக் கழகம் நாள்தோறும் 30 லட்சம் பேருக்கு மேல் ஏற்றி இறக்குகிறது. பஸ்சுக்கு ஒரு தர்மம் உண்டு. கூட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், லாபம் வந்தாலும் வராவிட்டாலும், குறித்த தடத்தில் போய்த்தான் ஆக வேண்டும். மற்றொன்று டாக்ஸியும் ஆட்டோவும். இவற்றுக்குப் பர்மிட், மீட்டர், அரசு வைக்கும் கட்டணம் என்று ஒரு கட்டு இருந்தது.

அந்தக் கட்டு அவிழ்ந்ததில் இரு தரப்புக்கும் பங்கு உண்டு என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். சென்னை ஆட்டோக்களுக்கு 2007ல் முதல் 2 கிலோமீட்டருக்கு 14 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 6 ரூபாய் என்று அரசு வைத்தது. 2013 ஆகஸ்டில் அதை முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று மாற்றியது. அதன்பின் 10 ஆண்டு கழிந்தும் அந்த விகிதம் திருத்தப்படவில்லை. பெட்ரோல் விலை மட்டும் நிற்கவில்லை. கட்டுப்படியாகாத விலையை அரசு வைத்தால் மீட்டருக்குத் துணி போர்த்தப்படும். அதுவே நடந்தது. "போட்டுக் குடுங்க", "ரிட்டர்ன் காலியா வரணும்" என்று பேரம் பேசிப் பேசி, பயணிகளுக்கு ஆட்டோ என்றாலே ஒரு சலிப்பு வந்துவிட்டது. விலைப் பட்டியல் இல்லாத கடையில் வாடிக்கையாளர் எத்தனை நாள் பொறுமையாக நிற்பார்? எதிரில் பட்டியல் ஒட்டிய கடை ஒன்று திறந்ததும் அங்கே போய்விடுவார். அந்த எதிர்க்கடைதான் செயலி.

செயலி செய்யும் வேலை என்ன?

ஊபர் கம்பெனி 2009ல் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் தொடங்கப்பட்டு மறு ஆண்டு வண்டி விட்டது. நம் நாட்டில் ஓலா 2010 இறுதியில் தொடங்கியது. ஊபர் 2013ல் இந்தியாவுக்கு வந்தது. இந்தக் கம்பெனிகளிடம் வண்டி கிடையாது என்று பலரும் வியப்பாகச் சொல்வார்கள். மண்டி வைத்திருக்கும் நமக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை. இது தரகு மண்டி வியாபாரம். விவசாயி சரக்கைக் கொண்டு வருகிறார், வாங்குபவர் வருகிறார், மண்டிக்காரர் இருவரையும் சேர்த்து வைத்துக் கமிஷன் எடுக்கிறார். இங்கே காரும், பெட்ரோலும், ரிப்பேரும், இன்சூரன்சும் ஓட்டுநர் பொறுப்பு. சேர்த்து வைப்பதற்குக் கம்பெனி பல ஆண்டுகள் வசூலில் 100க்கு 20 முதல் 30 ரூபாய் வரை எடுத்தது.

அவர்கள் செய்த நல்லதையும் சொல்லியாக வேண்டும். வாடகை வண்டித் தொழிலில் பெரிய நஷ்டம் காலி ஓட்டம். சவாரி தேடித் திரிவதும், இறக்கிவிட்டு வெறுமனே திரும்புவதும் பெட்ரோலைத் தின்னும். ஸ்டாண்டில் ஆறு ஆட்டோ சவாரியின்றி நிற்கும்; இரண்டு தெரு தள்ளி ஒரு தாயார் குழந்தையுடன் வண்டி கிடைக்காமல் நிற்பார். செயலி இருவரையும் சேர்த்து வைக்கிறது. ஏறுமுன்பே கட்டணம் தெரிகிறது. வண்டி நம்பரும் ஓட்டுநர் பெயரும் வீட்டிலிருப்பவர் செல்போனுக்கும் போகிறது. இரவில் தனியே வரும் பெண்களுக்கு இது பெரிய ஆறுதல். இத்தனையும் உண்மையான சேவை. இதற்குக் கூலி கேட்பதில் குற்றமில்லை.

இதோடு இன்னொரு ஏற்பாடும் உண்டு. மழை பெய்தாலும் அலுவலகம் விடும் நேரத்திலும் கட்டணம் தானாக ஏறும். பண்டிகைக்கு முன்தினம் பூ விலை ஏறுவது போலத்தான். ஆனால் பூக்கடையில் நாலு கடை விசாரித்து வாங்கலாம். இங்கே விலை வைப்பதும், எத்தனை வண்டி இருக்கிறது என்று அறிந்திருப்பதும், நாம் எவ்வளவு அவசரத்தில் இருக்கிறோம் என்று ஊகிப்பதும் ஒரே ஆள். வேறுவேறு வகை செல்போனுக்கு வேறுவேறு கட்டணம் காட்டுவதாக எழுந்த புகாரின் பேரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 ஜனவரியில் ஓலாவுக்கும் ஊபருக்கும் நோட்டீஸ் அனுப்பியது. கம்பெனிகள் அதை மறுத்தன. தராசு யார் கையில் இருக்கிறது என்ற சந்தேகம் மட்டும் மக்களிடம் போகவில்லை.

ஆறு ரூபாய் எங்கிருந்து வந்தது?

இப்போது கணக்குக்கு வருவோம். 2016ல் ஓலா 'மைக்ரோ' என்ற பெயரில் கிலோமீட்டருக்கு 6 ரூபாய் என்று விளம்பரம் செய்தது. அடிப்படைக் கட்டணமும் நிமிடக் கணக்கும் தனி. ஆட்டோவுக்கு அரசு வைத்த விலையே 12 ரூபாய் என்ற காலத்தில் இது நடந்தது. காலி ஓட்டம் குறைந்ததால் மட்டும் பாதி விலைக்கு இறங்கிவிட முடியாது. மீதியைப் போட்டது யார்?

முதலீட்டாளர்கள் போட்டார்கள். பயணிக்கு ஒரு சலுகை, ஓட்டுநருக்கு ஒரு ஊக்கத்தொகை என்று இரு பக்கமும் கொட்டினார்கள். டெல்லி வட்டாரத்தில் ஊபர் பற்றி மேரு டாக்ஸி கம்பெனி தொடுத்த வழக்கில், ஒரு சவாரிக்கு 204 ரூபாய் நஷ்டத்தில் ஓட்டுவதாக வைக்கப்பட்ட தகவலை உச்ச நீதிமன்றம் 2019 செப்டம்பரில் எடுத்துக்காட்டி, விசாரணை நடக்கட்டும் என்றது. உலக அளவில் ஊபர் 2019ஆம் ஆண்டில் மட்டும் காட்டிய நஷ்டம் 850 கோடி டாலர். நம்மில் ஒருவர் மூன்று மாதம் நஷ்டத்தில் விற்றால் நான்காம் மாதம் சரக்கு வராது. அவர்கள் பத்தாண்டுக்கு மேல் தாங்கினார்கள். ஆண்டுக் கணக்கில் தொழில் லாபம் என்று ஊபர் முதன்முதலாகக் காட்டியது 2023ல்தான். என் பதில் தவறியது இங்கேதான். அவர்களுடைய நஷ்டத்தை என் கல்லாவைக் கொண்டு அளந்துவிட்டேன்.

இன்னொரு விந்தையும் கேளுங்கள். ஜப்பானைச் சேர்ந்த சாப்ட்பேங்க் நிறுவனம் 2014ல் ஓலாவில் பணம் போட்டது. 2018ல் ஊபரிலும் பெரும் பங்கு வாங்கியது. எதிரெதிர்க் கடை இரண்டுக்கும் முதல் போட்டவர் ஒருவரே என்றால் போட்டி எது, கூட்டு எது என்று சொல்வது கடினம்.

நஷ்டத்துக்கு விற்றுப் போட்டியாளரை ஒழிப்பது சட்டப்படி குற்றமில்லையா என்று கேட்பீர்கள். குற்றம்தான். ஆனால் நம் போட்டிச் சட்டத்தில், அப்படி விற்பவர் சந்தையில் ஆதிக்க நிலையில் உள்ளவர் என்று முதலில் நிரூபிக்க வேண்டும். சென்னையில் கால் டாக்ஸி நடத்திப் பெயர் பெற்ற ஃபாஸ்ட் டிராக் நிறுவனம், பெங்களூர்ச் சந்தையைக் குறித்து ஓலா மீது போட்டி ஆணையத்திடம் புகார் செய்தது. 2017 ஜூலையில் புகார் முடித்து வைக்கப்பட்டது. ஓலாவும் ஊபரும் ஒருவரோடு ஒருவர் மோதிக் கொண்டிருக்கையில் ஓலாவை மட்டும் ஆதிக்க நிலையில் உள்ளவர் என்று சொல்ல முடியாது என்பது ஆணையத்தின் முடிவு. மேலே சொன்ன டெல்லி வழக்கும் 2021ல் அதே பாதையில் முடிந்தது. இரண்டு யானைகள் சண்டையிட்டால் நசுங்கும் புல்லுக்குச் சட்டத்தில் இடமில்லை என்றாகிவிட்டது. இதை நம் சங்கத்தார் மறக்கக் கூடாது. "அவன் அடக்க விலைக்குக் கீழே விற்கிறான்" என்ற ஒரு வாதத்தை மட்டும் நம்பி மனு எழுதினால் போதாது.

சண்டை முடிந்த ஊர்களில் என்ன ஆயிற்று? சீனாவில் ஊபர் 2016ல் தன் வியாபாரத்தை உள்ளூர் டிடி கம்பெனியிடம் விற்றுவிட்டு வெளியேறியது. தென்கிழக்கு ஆசியாவில் 2018 மார்ச்சில் கிராப் கம்பெனியிடம் விற்றது. சிங்கப்பூரின் போட்டி ஆணையம் விசாரித்து, அந்த விற்பனைக்குப் பிறகு பயணிகள் கொடுத்த கட்டணம் 10 முதல் 15 சதவீதம் ஏறியதாகக் கண்டு, இரண்டு கம்பெனிகளுக்கும் சேர்த்து 130 லட்சம் சிங்கப்பூர் டாலர் அபராதம் விதித்தது. எதிர்க்கடை மூடினால் இந்தக் கடையில் விலை ஏறும் என்பது நமக்குப் புதிய பாடமா?

வண்டிக்காரர்களுக்கு நேர்ந்தது

நியூயார்க் நகரின் மஞ்சள் டாக்ஸிகளைச் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். 1937 முதல் அங்கே டாக்ஸி ஓட்ட 'மெடாலியன்' என்ற உரிமம் வேண்டும். எண்ணிக்கை சுமார் 13,500க்குள் கட்டுப்பட்டிருந்ததால் அது கைமாறிக் கைமாறி விலை ஏறியது. 2014 வாக்கில் ஒரு மெடாலியன் 10 லட்சம் டாலரைத் தாண்டி விற்றது. பிழைப்புத் தேடி அந்நாட்டுக்குப் போன ஓட்டுநர்கள் பலர், நம் பஞ்சாப், வங்கதேசத்துக்காரர்கள் உட்பட, ஆயுள் முழுக்கக் கட்ட வேண்டிய கடனில் அதை வாங்கினார்கள். செயலி வண்டிகள் பல்லாயிரக்கணக்கில் இறங்கின. அவற்றுக்கு மெடாலியன் தேவையில்லை. 2018க்குள் விலை 2 லட்சம் டாலருக்கும் கீழே போயிற்று. அந்த ஆண்டில் ஓட்டுநர்கள் சிலர் தற்கொலை செய்து கொண்டார்கள். அதன் பிறகே நகராட்சி செயலி வண்டிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டியது. 2021ல் ஓட்டுநர்கள் இரண்டு வாரம் உண்ணாவிரதம் இருந்து, கடனை 1,70,000 டாலராகக் குறைக்கும் உடன்பாட்டைப் பெற்றார்கள்.

பழி முழுவதையும் செயலி மீது போடுவதும் நியாயமல்ல. உரிமத்தின் விலையை ஊதிவிட்ட தரகர்கள், அளவுக்கு மீறிக் கடன் கொடுத்தவர்கள், ஏலம் விட்டு வருமானம் பார்த்த நகராட்சி எல்லோருக்கும் அதில் பங்கு இருந்தது. ஊதிய பலூன் மேல் ஊசி பட்டது. ஊசி மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது.

நம் ஆட்டோ தம்பி விஷயத்துக்கு வருகிறேன். என் பேச்சைக் கேட்டு ஒரு வருடம் ஆட்டோவையே ஓட்டினார். சவாரி குறைந்து கொண்டே வந்தது. ஸ்டாண்டில் உடனிருந்தவர்கள் கார் வாங்கி, மாதம் ஐம்பதாயிரம் அறுபதாயிரம் பார்த்ததாகப் பேச்சு அடிபட்டது. அவரும் ஆட்டோவை விற்று முன்பணம் கட்டி, பைனான்சில் கார் எடுத்து ஒரு செயலிக் கம்பெனியில் சேர்ந்தார். ஜாமீன் கையெழுத்து நான் போட்டேன். முதல் சில மாதம் நன்றாகவே இருந்தது. ஒரு நாளைக்கு இத்தனை சவாரி ஓட்டினால் இத்தனை ஊக்கத்தொகை என்று வந்தது. பிறகு சவாரி எண்ணிக்கையைக் கூட்டினார்கள், தொகையைக் குறைத்தார்கள். ஒரு நாள் அவர் என் கணக்குப் பிள்ளையின் மேஜையில் உட்கார்ந்து எழுதிக் காட்டிய கணக்கு இது. வசூல் 2,500 ரூபாய். கமிஷன் 625. எரிபொருள் 700. தவணை நாளொன்றுக்கு 500. மிச்சம் 675. டயர், சர்வீஸ், இன்சூரன்ஸ் எல்லாம் இந்த 675ல்தான். இதற்குப் பதினான்கு மணி நேரம் ஓட்டியிருந்தார்.

தவணை தவறி, கடைசியில் காரை பைனான்ஸ்காரர்கள் எடுத்துக் கொண்டு போனார்கள். விற்ற தொகை போக மீதிக்கு ஜாமீன்காரன் என்ற முறையில் என் கல்லாவிலிருந்தும் பணம் போயிற்று. பணம் போனதைவிட, "ஊக்கத்தொகை எழுதிக் கொடுத்த விலையா, இன்றைக்கு மட்டும் உள்ள தள்ளுபடியா?" என்று ஒரு கேள்வியை நான் அன்றே கேட்காமல் விட்டேனே என்பதுதான் உறுத்துகிறது. எந்தச் சரக்கு வாங்கினாலும் அந்தக் கேள்வியைக் கேட்பவன் நான். அவர் இப்போது இன்னொருவர் ஆட்டோவை நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறார். எங்கள் வாசலில்தான் நிற்கிறார்.

பஸ்சுக்கு என்ன நஷ்டம்?

டாக்ஸிக்கும் செயலிக்கும் உள்ள போட்டி கண்ணுக்குத் தெரிகிறது. பஸ்சோடு உள்ள போட்டி மெதுவாக நடப்பது. அமெரிக்காவின் ஏழு பெருநகரங்களில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் எடுத்து 2017ல் வெளியிட்ட ஆய்வில், செயலிச் சவாரிகளில் 49 முதல் 61 சதவீதம் வரை, செயலி இல்லாவிட்டால் நடந்தோ, சைக்கிளிலோ, பஸ் ரயிலிலோ போயிருக்க வேண்டியவை அல்லது போகாமலே இருந்திருக்க வேண்டியவை என்று கண்டார்கள். சொந்தக் காரை வீட்டில் வைத்துவிட்டு வருவார்கள், சாலை காலியாகும் என்று சொல்லப்பட்டது. நடந்தது வேறு. சான்பிரான்சிஸ்கோவில் 2010க்கும் 2016க்கும் இடையே வாகனங்கள் நெரிசலில் தாமதிக்கும் நேரம் 62 சதவீதம் கூடியது. செயலி வண்டிகள் இல்லாதிருந்தால் அது 22 சதவீதம்தான் கூடியிருக்கும் என்று 2019ல் வந்த ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டது. அந்த நெரிசலில் பஸ்சும் சிக்கும். பஸ் தாமதித்தால் இன்னும் நாலு பேர் செயலிக்குப் போவார்கள். அதனால் நெரிசல் மேலும் கூடும். இது ஒரு சுழல்.

பஸ்சின் கணக்கும் காரின் கணக்கும் அடிப்படையிலேயே வேறு. ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். ஒரு பஸ் ஒரு நடை போய்வர 1,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். பத்துப் பேர் ஏறினால் தலைக்கு 100 ரூபாய் அடக்கம். ஐம்பது பேர் ஏறினால் 20 ரூபாய். ஆள் கூடக் கூட அடக்கம் குறையும். கார் அப்படியல்ல. ஒரு சவாரிக்கு 200 ரூபாய் என்றால் ஐம்பது சவாரிக்கு 10,000 ரூபாய். ஆள் கூடினாலும் அடக்கம் குறையாது.

கனடாவில் டொராண்டோ நகருக்கு வடக்கே இன்னிஸ்ஃபில் என்று ஒரு சிற்றூர். பஸ் விட்டால் செலவு அதிகம் என்று எண்ணி, 2017ல் ஊபரோடு ஒப்பந்தம் செய்து, ஊரார் சவாரிக்கு நகராட்சியே மானியம் கொடுத்தது. மக்கள் விரும்பி ஏறினார்கள். ஏற ஏற நகராட்சியின் செலவும் ஏறிக் கொண்டே போயிற்று. 2019ல் கட்டணத்தை ஒரு டாலர் கூட்டி, ஒருவருக்கு மாதம் 30 சவாரிக்கு மேல் மானியம் இல்லை என்று வரம்பு கட்ட வேண்டி வந்தது. கூட்டம் கூடினால் பஸ்காரருக்கு மகிழ்ச்சி. இங்கே கூட்டம் கூடியதே தலைவலியாயிற்று.

நம் ஊர் நிலை கொஞ்சம் வேறு. இங்கே எந்தச் செயலியும் விலையில் சாதாரண டவுன் பஸ்சை வெல்ல முடியாது. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் மகளிருக்குக் கட்டணமும் இல்லை. செயலிகள் பிடித்தது ஆட்டோ, கால் டாக்ஸி சவாரிகளை. இப்போது பைக் டாக்ஸி வந்த பிறகு, தனியே போகும் இளைஞர்களையும் பஸ்சிலிருந்து ஓரளவு இழுக்கிறது. மறுபுறம், 2015ல் தொடங்கிய மெட்ரோ ரயிலுக்கு வீட்டிலிருந்து நிலையம்வரை ஆள் கொண்டுவந்து விடுவதும் இதே வண்டிகள்தான். ஆகவே பகையும் உண்டு, உறவும் உண்டு. பஸ் அடிக்கடி வரும் தடத்தில் செயலி துணையாக இருக்கிறது. பஸ் வராத தடத்தில் அதுவே முதலாளியாகிவிடுகிறது. 2025 செப்டம்பரில் தொடங்கிய 'சென்னை ஒன்று' செயலியில் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் பயணத்தை ஒரே சீட்டில் முடித்துக் கொள்ளலாம், ஆட்டோவும் அழைக்கலாம். அரசே தராசைக் கையில் எடுத்த நல்ல முயற்சி இது.

இதில் நமக்கு என்ன என்று இருந்துவிட வேண்டாம். நம் கடைத் தெருக்களுக்கு வரும் கூட்டம் பஸ்சிலும் ரயிலிலும் வருவது. ஒரு பஸ் நிறுத்தம் நூறு கஜம் தள்ளிப் போனால் அந்த மூலைக் கடைக்காரருக்கு வியாபாரம் எவ்வளவு குறையும் என்பது அவருக்குத்தான் தெரியும். காரில் வருபவருக்கு வண்டி நிறுத்த இடம் வேண்டும். பஸ்சில் வருபவருக்கு நிழல் இருந்தால் போதும்.

திருந்திய வழிகள்

இந்தக் கதை முழுவதும் துக்கம் அல்ல. 2022ல் பெங்களூரில் 'நம்ம யாத்ரி' என்ற செயலி ஆட்டோ ஓட்டுநர் சங்கத்தின் துணையோடு தொடங்கியது. சவாரிக்குக் கமிஷன் கிடையாது. ஓட்டுநர் நாள் ஒன்றுக்கு 25 ரூபாய் போன்ற சிறு சந்தா கட்டினால் போதும். வசூல் முழுதும் அவருக்கே. இது சென்னைக்கும் வந்தது. ஓட்டுநர்கள் அங்கே போகத் தொடங்கியதும் பெரிய கம்பெனிகளும் வழிக்கு வந்தன. 2025 பிப்ரவரியில் ஊபரும் ஆட்டோக்களுக்குக் கமிஷனை விட்டுச் சந்தா முறைக்கு மாறியது. பத்தாண்டு மனுக்களால் ஆகாதது, ஒரு மாற்றுக் கடை திறந்ததும் ஆயிற்று.

சட்டமும் சற்றுத் தாமதமாக வந்து சேர்ந்தது. 2020ல் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறையில், அவசர நேரக் கட்டணம் அடிப்படைக் கட்டணத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் போகக் கூடாது என்றார்கள். 2025 ஜூலையில் அதை இரண்டு மடங்கு வரை தளர்த்தினார்கள். குறைந்த பட்சம் அடிப்படைக் கட்டணத்தில் பாதிக்குக் கீழே போகக் கூடாது என்றும், சொந்த வண்டி ஓட்டுநருக்குக் கட்டணத்தில் குறைந்தது 80 சதவீதம் சேர வேண்டும் என்றும் அதில் உள்ளது. விலைக்கு மேல் வரம்பு மட்டுமின்றிக் கீழ் வரம்பும் வைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். அடக்கத்துக்குக் கீழே விற்றுச் சந்தையைக் கெடுக்காதே என்பதற்கு இது ஒரு முன்மாதிரி. நம் சில்லறை வணிகத்துக்கும் இப்படி ஒன்றைக் கேட்க இதைக் காட்டலாம்.

நாம் எடுத்துக் கொள்ள வேண்டியவை

அந்த இளம் உறுப்பினருக்கு இப்போது பதில் சொல்கிறேன். "எத்தனை நாளைக்குக் கட்டும்?" என்று கேட்டீர்கள். முதல் போட்டவர்கள் பொறுக்கும் வரை கட்டும். அது நம் பொறுமையைவிட நீளமாக இருக்கலாம். ஆகவே அவர்கள் மூடிவிடுவார்கள் என்று காத்திருக்கும் திட்டம் திட்டமே அல்ல. நான் சொல்வது இவை.

முதலாவது, மீட்டருக்குத் துணி போர்த்தாதீர்கள். விலையை எழுதி ஒட்டுங்கள். ஆள் பார்த்து விலை சொல்வது, சில்லறை இல்லை என்று மிட்டாய் கொடுப்பது, மாற்றித் தரக் கேட்டால் முகம் சுளிப்பது, இவையெல்லாம் எதிர்க்கடைக்கு நாமே போட்டுக் கொடுக்கும் பாதை. ஆட்டோக்காரர்களை முதலில் வீழ்த்தியது பயணிகளின் மனக்கசப்பு. சலுகை அதற்குப் பின்னால்தான் வந்தது.

இரண்டாவது, அவர்கள் நஷ்டத்துக்கு விற்கும் சரக்கில் விலைப் போட்டிக்குப் போகாதீர்கள். அது கடலில் பெருங்காயம் கரைப்பது. எண்ணெய் பாக்கெட்டிலும் சோப்பிலும் அவர் இரண்டு ரூபாய் குறைக்கட்டும். புடைத்துச் சுத்தம் செய்த பருப்பு, வீட்டுக்குத் தோதான அரிசி, தெரிந்த குடும்பத்துக்கு மாதக் கணக்கு, கல்யாண வீட்டுக்கு மொத்தப் பட்டியல், மிஞ்சியதைத் திரும்ப எடுத்துக் கொள்ளும் வழக்கம், இவற்றைச் செயலி செய்வது கடினம்.

மூன்றாவது, செயலிகளில் சேர்ந்து விற்க விரும்பினால் சேருங்கள். தடையில்லை. ஆனால் வியாபாரம் முழுவதையும் ஒரே செயலியில் வைக்காதீர்கள். வாடிக்கையாளரின் பெயரும் போன் நம்பரும் உங்கள் நோட்டிலும் இருக்கட்டும். அவர்கள் தரும் தொடக்கச் சலுகையைக் கணக்கில் சேர்க்காமல், முழுக் கமிஷனையும் கழித்துப் பார்த்து, அப்போதும் மிச்சம் இருந்தால் மட்டும் இறங்குங்கள். அந்தச் சலுகையை நம்பிக் கடன் வாங்கிக் கடையைப் பெரிதாக்காதீர்கள். அப்படிச் செய்து காரை இழந்தவரை தினமும் காலையில் என் கடை வாசலில் பார்க்கிறேன்.

நான்காவது, சங்கம் செய்ய வேண்டியது. ஓட்டுநர்கள் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு செயலியைத் தாங்கி நின்றார்கள். ஒரு பகுதியில் உள்ள முப்பது கடைக்காரர்கள் சேர்ந்தால் இரண்டு டெலிவரிப் பையன்களை வைத்துக் கொள்ள முடியாதா? ஒரே போன் நம்பர் வைக்க முடியாதா? இதை அடுத்த செயற்குழுவில் பேச வேண்டும். அத்துடன், கடைத் தெருவுக்கு வரும் பஸ் தடங்கள், கடைசி பஸ் நேரம், நிறுத்தத்தில் நிழற்குடை ஆகியவற்றுக்காகப் போக்குவரத்துக் கழகத்துக்கு மனுக் கொடுப்பதும் வணிகர் சங்கத்தின் வேலைதான். பஸ் நன்றாக ஓடும் ஊரில் கடைத் தெரு சாகாது.

இதை எழுதி முடிக்கும்போது ஆட்டோ தம்பி உள்ளே வந்தார். திருவள்ளூர்க் கடைக்காரர் ஒருவருக்கு மூன்று மூட்டை, சென்ட்ரல் ஸ்டேஷன் வரை. எவ்வளவு என்று கடைக்காரர் கேட்டார். தம்பி தன் போனை எடுத்து, செயலியில் காட்டும் கட்டணத்தை அவர் முன்னால் நீட்டி, "இதுதான், மூட்டை ஏத்தி இறக்க முப்பது ரூபாய் தனி" என்றார். பேரம் இல்லை. அவர் ஏறிக் கொண்டார்.